கடிக்கும் குதிரையைக் கையாள்வது எப்படி: காரணம் தேடுவதிலிருந்து பழக்கம் மாறும் வரை

குதிரைக்கு முன்பற்கள் மேலே ஆறு, கீழே ஆறு. இரண்டு வரிசையும் தட்டையாகச் சந்திக்கும். அதனால் குதிரைக்கடி தோலைக் கிழிப்பதைவிட உள்ளே இருக்கும் சதையை நசுக்குவதுதான் அதிகம். வெளியே ஒரு சிவந்த தடம் மட்டும் தெரியும், உள்ளே ரத்தம் கட்டி வாரக்கணக்கில் வலிக்கும். விரல் மாட்டிக்கொண்டால் எலும்பு முறியவும் வாய்ப்பு உண்டு. "செல்லமாகக் கவ்வுது, விடுங்க" என்று சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் இல்லை.

அதற்காகக் கெட்ட குணம் என்று முத்திரை குத்தி அடிக்க ஆரம்பிப்பதும் பலன் தராது. அடி வாங்கிய குதிரை பெரும்பாலும் கற்றுக்கொள்வது, கடிப்பதற்கு முன் எச்சரிக்கை காட்டாமல் இருப்பதைத்தான். காதை மடக்கினாலே அடி விழும் என்றால் காதை மடக்காது, நேராகக் கடிக்கும். அப்படிப்பட்ட குதிரையோடு வேலை செய்வதுதான் உண்மையில் ஆபத்து. ஆகவே இந்த வழிகாட்டியில் தண்டனைக்கு ஒதுக்கியிருக்கும் இடம் மிகச் சிறியது. பெரும்பகுதி, பல் எட்டாத இடத்தில் நின்றுகொண்டு அது ஏன் கடிக்கிறது என்று பார்ப்பதைப் பற்றியது.

முதலில்: எந்த வகைக் கடி?

எல்லாக் கடியும் ஒன்றல்ல. குட்டிகளும் இளம் ஆண் குதிரைகளும் வாயால்தான் உலகத்தைத் தொட்டுப் பார்க்கும். கயிறு, சட்டைக் கை, பிரஷ், கதவுத் தாழ்ப்பாள் என்று எது கிடைத்தாலும் வாய்க்குள் போகும். காதுகள் முன்னோக்கி இருக்கும், முகத்தில் இறுக்கம் இருக்காது. இது விளையாட்டு, ஆனால் வளர வளர வலிக்கும்.

தீனி கேட்டுக் கவ்வுவது இரண்டாவது வகை. உதட்டால் பையைத் துழாவும், கையை முட்டும், எதுவும் கிடைக்கவில்லையென்றால் பல்லை வைக்கும்.

மூன்றாவது, வலியால் கடிப்பது. சேணத்தைக் கண்டதும், வயிற்றுவாரை இறுக்கும்போது, குறிப்பிட்ட இடத்தில் பிரஷ் படும்போது மட்டும் வரும். காது பின்னால் ஒட்டும், மூக்குத்துளை சுருங்கும், வால் சுழலும், அப்புறம் கழுத்து உங்கள் பக்கம் திரும்பும்.

பயத்தாலும் கடிக்கும், தன் இடத்தையும் தீனியையும் காக்கவும் கடிக்கும். லாயத்துக்குள் நுழைபவரை நோக்கிக் கழுத்தை நீட்டிப் பாயும் குதிரை, வெளியே கயிற்றில் நடக்கும்போது சாதுவாக இருப்பதைப் பார்க்கலாம். ஆண்மை நீக்காத வளர்ந்த ஆண் குதிரை கவ்வுவது இன்னொரு கதை. அதற்குத் தனியாக வருகிறேன்.

ஒரே குதிரையிடம் இரண்டு வகை சேர்ந்தும் இருக்கும். வலியால் ஆரம்பித்து, வலி போன பிறகும் பழக்கமாக நிலைத்துவிடுவது ரொம்பச் சாதாரணம்.

படி 1: இன்றிலிருந்தே கடிபடாமல் நிற்பது

காரணம் தெரிய நாளாகும். அதுவரை யாரும் கடிபடக் கூடாது. ஒவ்வொரு முறை கடி வெற்றியாக விழும்போதும் பழக்கம் இன்னும் கொஞ்சம் இறுகுகிறது.

குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டமும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. தன் வாய்க்கு முன்னால் வரும் பொருளை அது கண்ணால் பார்ப்பதில்லை, உதட்டாலும் மீசை முடியாலும்தான் அறிகிறது. அங்கே கையை நீட்டினால் வாய் அதைப் பிடித்துப் பார்க்கத்தான் செய்யும். ஆகவே மூக்கைத் தடவிக் கொஞ்சும் வேலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வருகிறவர் போகிறவரிடமும் சொல்லிவையுங்கள். கதவில் ஒரு பலகை எழுதி மாட்டுவது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

நிற்க வேண்டிய இடம் தோள் பக்கம். தலைக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். நடத்திச் செல்லும்போது தாடைக்குக் கீழே ஒரு சாண் விட்டுக் கயிற்றைப் பிடியுங்கள், மீதிக் கயிற்றை மடித்து மறுகையில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை மிரண்டு இழுத்தால் விரல் போய்விடும். குதிரைப் பக்கம் இருக்கும் முழங்கையை லேசாக வெளியே தள்ளி வைத்திருங்கள். தலை உங்கள் பக்கம் வந்தால் அதுவாகவே முழங்கையில் இடித்துக்கொள்ளும். நீங்கள் அடிக்கவில்லை, அது வந்து மோதியது. இந்த வித்தியாசம் குதிரைக்கு நன்றாகப் புரியும்.

தேய்த்துவிடும்போதும் சேணம் கட்டும்போதும் தலை உங்களை எட்டாத அளவுக்குக் கட்டுங்கள். உறுதியான கம்பத்தில், கண் உயரத்தில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக. கூட இன்னொரு ஆள் இருந்தால், அவர் குதிரையின் தலையைப் பிடித்துக்கொள்வது இன்னும் நல்லது. வலியுள்ள குதிரையை மிகக் குட்டையாகக் கட்டி வைத்து வேலையை முடிப்பது மட்டும் வேண்டாம். தப்ப வழியில்லை என்று தெரிந்தால் வாயை விட்டுக் காலைத் தூக்கும்.

வாய்க்கூடு போடலாமா என்று கேட்பார்கள். கடியின் வேகம் மோசமாக இருந்தால், மருத்துவர் பார்க்கும் நேரத்துக்கும் சேணம் கட்டும் நேரத்துக்கும் போடலாம். தாராளமாக மூச்சுவிட இடம் வேண்டும், வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். நாள் முழுக்கப் போட்டு வைத்தால் அதுவே புதிய தொல்லையாகிவிடும்.

படி 2: குறிப்பு எழுதுவது

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எப்போது கடித்தது அல்லது கடிக்க வந்தது, யாரிடம், எந்த இடத்தில், அதற்கு முந்தைய நொடியில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கடித்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். கடைசியாகத் தீனி தின்று எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் சேருங்கள். பெண் குதிரையாக இருந்தால் தேதி முக்கியம். பருவச் சுழற்சி சுமார் 21 நாள். அதில் ஐந்து முதல் ஏழு நாள் இனச்சேர்க்கைக்குத் தயாரான சூட்டில் இருக்கும். கடியும் அந்தக் கணக்கில் வந்துபோனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

"கடித்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்" என்ற வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதில்தான் பாதி விடை இருக்கும். கடித்ததும் நீங்கள் பின்வாங்கியிருந்தால், வாரை விட்டிருந்தால், வேலையை நிறுத்தியிருந்தால், குதிரையின் கணக்கில் கடி வேலை செய்தது.

படி 3: வலியை விலக்குவது

பயிற்சியை ஆரம்பிக்கும் முன் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம், பிறகு மாதக்கணக்கில் அல்லாடுவதும் அவர்கள்தான். முன்பு கடிக்காத குதிரை திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் வலி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

பல்லிலிருந்து தொடங்கலாம். குதிரைப் பல் ஆயுள் முழுக்க மெல்ல வெளியே வளர்ந்துகொண்டே இருக்கும், மெல்லும்போது தேயும். தேய்மானம் சமமாக இல்லாததால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரத்திலும் கீழ்ப் பற்களின் உள் ஓரத்திலும் கூர்முனை வந்து, கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும். பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால், தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மென்றால், கடிவாளம் போடும்போது தலையைத் தூக்கினால் பல்லைச் சந்தேகியுங்கள். வளர்ந்த குதிரைக்கு வருடம் ஒரு முறையாவது பல் பார்க்க வேண்டும். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை பால் முன்பற்கள் விழுந்து புதியவை முளைக்கும். அந்த வயதில் எதையாவது கடித்துக்கொண்டே இருப்பதற்கு ஈறு உறுத்தலும் ஒரு காரணம். அந்த வயதுக் குதிரைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் பார்ப்பது நல்லது.

அடுத்தது இரைப்பைப் புண். மேய்ந்துகொண்டே இருக்கும் உடம்பு என்பதால் குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும், தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் வரும். வேளைக்கு வேளை தானியம் கொடுத்து, இடையில் வெறும் வயிறாக நிறுத்திவைத்தால் புண் வருவதில் ஆச்சரியம் இல்லை. வயிற்றுவாரை இறுக்கும்போது திரும்பிக் கடிப்பது, தானியத்தைப் பாதியில் விடுவது, மெலிவது, மயிர் மினுமினுப்பை இழப்பது ஆகியவை இதற்கான அடையாளங்களாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல உள்நோக்குக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். நீங்களாக மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

பிறகு முதுகும் சேணமும். முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் நுனியால் சீராக அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் முதுகு தாழ்ந்தாலோ தோல் துடித்தாலோ காது பின்னால் போனாலோ அங்கே குறித்துவையுங்கள். சேணம் உட்காரும் இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால் அங்கே பல நாளாக அழுத்தம் இருந்திருக்கிறது. சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றும்போது வியர்வை நனைத்த பரப்புக்கு நடுவே காய்ந்த திட்டு தெரிந்தாலும் அப்படியே. வார் படும் இடத்தில் உராய்வுப் புண், உண்ணி, தோல் நோய் ஏதும் உண்டா என்று முடியை விலக்கிப் பாருங்கள். சில குதிரைகளுக்குத் தோல் மெலிது, கடினமான பிரஷ்ஷே வலிக்கும். பிரஷ்ஷை மாற்றியதும் கடி நின்றுவிடுவதும் உண்டு.

முகத்தைப் படிக்கவும் பழகுங்கள். 2014இல் வெளிவந்த குதிரை முகவலி அளவுகோல் ஆறு இடங்களைக் கவனிக்கச் சொல்கிறது: விறைத்துப் பின்னால் போன காது, இறுகிய இமை, கண்ணுக்கு மேலே தசை இறுகி எலும்பு துருத்தித் தெரிவது, இறுகித் தெரியும் தாடைத் தசை, அழுந்திய வாயும் துருத்தித் தெரியும் மோவாயும், இறுகிய மூக்குத்துளை. சவாரி செய்யும்போது பார்ப்பதற்கென்று 2018இல் சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர் குழுவினருடன் வெளியிட்ட 24 நடத்தைகள் கொண்ட பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அதில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. அமைதியான குதிரை திடீரென்று வெறித்தனமாகக் கடித்து, கூடவே தடுமாற்றம், விழுங்கச் சிரமம், எச்சில் ஒழுகுதல், குரல் மாற்றம் என்று ஏதாவது இருந்தால் ரேபிஸாக இருக்கலாம். அருகில் போகாதீர்கள், வாய்க்குள் கையை விடாதீர்கள், உடனே மருத்துவரை அழையுங்கள்.

படி 4: தீனி, இடம், துணை

ஒரு நாளைக்கு நார்த்தீவனம் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், ஈரம் நீக்கிய கணக்கில். 450 கிலோ குதிரைக்கு ஏறக்குறைய 7 முதல் 9 கிலோ. இதைப் பல வேளையாகப் பிரித்தோ சிறு கண்ணி வலையில் போட்டோ, நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருக்காதபடி பாருங்கள். தானியத்தைக் குறைத்துச் சிறு சிறு பங்காகக் கொடுங்கள்.

கட்டவிழ்த்து ஓட நேரமும், கூட இன்னொரு குதிரையும் வேண்டும். குட்டிகள் ஒன்றையொன்று கவ்வி விளையாடும். அளவு மீறினால் பெரிய குதிரை ஒரு முறை விரட்டும். எவ்வளவு கடிக்கலாம் என்ற பாடம் அங்கேதான் நடக்கிறது. தனியாக வளர்ந்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைக்காது, மனிதரோடு விளையாட வரும். இந்தப் படியை மட்டும் சரிசெய்தாலே இளம் குதிரைகள் பலவற்றின் வாய் அடங்கிவிடும்.

படி 5: கையால் தீனி கொடுப்பதை நிறுத்துவது

கையால் கொடுப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். பழகிய குதிரைக்குக் கொடுக்கலாம். ஆனால் கவ்வும் குதிரைக்கு இப்போது வேண்டாம். பண்டத்தை வாளியில் போடுங்கள், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிட்டே போகாதீர்கள். வீட்டிலுள்ள எல்லோரும் இதைப் பின்பற்ற வேண்டும். ஒருவர் மட்டும் பாவம் பார்த்து எப்போதாவது கையில் கொடுத்தால், எப்போதும் கொடுப்பதைவிட அது மோசம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகக் குதிரை விடாமல் முயன்றுகொண்டே இருக்கும்.

நிறுத்திய முதல் சில நாள் துழாவல் அதிகமாகும், முட்டலும் அதிகமாகும். பழைய வழி ஏன் வேலை செய்யவில்லை என்று பலமாகத் தட்டிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் தளர்ந்து ஒரு துண்டு கொடுத்தால், பலமாக முட்டினால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாக ஆகும்.

படி 6: முகத்தை நேராக வைக்கக் கற்றுக்கொடுப்பது

"கடிக்காதே" என்பது குதிரைக்குப் புரிகிற கட்டளை இல்லை. அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்கலாம். தலை நேராகத் தன் நெஞ்சுக்கு முன்னால் இருக்கும்போது பல் உங்கள் மேல் இருக்க முடியாது. நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நடுவே ஒரு வேலி இருக்கட்டும். நீங்கள் வேலிக்கு வெளியே, குதிரையின் தோளுக்கு நேராக நில்லுங்கள். அதன் நெஞ்சுக்கு முன்னால் எட்டும் இடத்தில் ஒரு வாளி. முதலில் உங்களைத் துழாவும். அசையாமல், பேசாமல் நில்லுங்கள். சலித்துப்போய்த் தலையை நேராக்கும் அந்த நொடியிலேயே "சரி" என்று ஒரே தொனியில் சொல்லி, ஒரு சிறு துண்டை வாளியில் போடுங்கள். சொல்லும் பரிசும் ஒன்றிரண்டு நொடிக்குள் வர வேண்டும். தாமதமானால் எதற்குப் பரிசு என்று அதற்குத் தெரியாது. துண்டு வாளியில் விழுவதால் தலையும் அங்கேயே நிற்கும்.

ஒரு நொடி நேராக வைத்தால் போதும் என்று தொடங்கி, இரண்டு, ஐந்து, பத்து என்று நீட்டுங்கள். ஒரு அமர்வு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு போதும். பிறகு நீங்கள் ஒரு கையை அசைக்கும்போதும், பிரஷ்ஷை எடுக்கும்போதும், தோளைத் தொடும்போதும் தலை நேராக இருந்தால் பரிசு. இவையெல்லாம் தேறிய பிறகே வேலியைத் தாண்டி உள்ளே போவது.

இதனுடன் பின்வாங்கவும் கற்றுக்கொடுங்கள். ஹால்ட்டரில் (கயிறு கோக்கத் தலையில் மாட்டும் பட்டை) லேசான அழுத்தம், குதிரை எடையைப் பின்னால் சாய்த்த கணமே அழுத்தத்தை விடுங்கள். முதலில் அரை அடி, பிறகு இரண்டு அடி, பிறகு விரலசைவுக்கே. குதிரைக்குப் பாடமாவது அழுத்தம் விலகும் அந்தக் கணம்தான்.

பாராட்ட வேண்டுமென்றால் பிடரி முதுகோடு சேரும் மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஒரே ஒரு சிக்கல், சில குதிரைகள் நன்றிக்கடனாக உங்கள் முதுகைப் பல்லால் சொறிய வரும். தலை திரும்பியதும் சொறிவதை நிறுத்துங்கள், நேரானதும் தொடருங்கள்.

படி 7: வயிற்றுவார்

வலி இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் சேண நேரத்துக் கடி நீடித்தால், அது பழைய வலியின் நினைவு. சேணமே இல்லாமல் ஒரு துணிப் பட்டையிலிருந்து தொடங்குங்கள். வயிற்றில் படுவது, எடுப்பது. காது அமைதியாக இருந்தால் அடுத்து இரண்டு நொடி பிடிப்பது. இப்படி லேசான அழுத்தம் வரை. சேணத்துக்கு வந்ததும் முதல் துளையில் மட்டும் மாட்டி நான்கு அடி நடத்துங்கள், அடுத்த துளை, மறுபடி நடை. ஒரே மூச்சில் இழுத்து இறுக்காதீர்கள்.

இங்கே நேரம் பார்க்கும் திறமை வேண்டும். கடித்த பிறகு நிறுத்தினால் கடிக்குப் பரிசு. காது லேசாகப் பின்னால் நகரும்போதே நிறுத்தி, அது தளர்ந்ததும் தொடர்ந்தால், கடிக்க வேண்டிய தேவையே வருவதில்லை.

கடிக்க வந்தால் அந்த நொடியில்

வலியாலோ பயத்தாலோ என்றால் எந்தத் தண்டனையும் வேண்டாம். உங்களைக் காத்துக்கொண்டு விலகுங்கள், எந்த இடத்தில் அவசரப்பட்டீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள்.

விளையாட்டாகவோ தீனிக்காகவோ என்றால், முழங்கையால் வழியை மறித்து, ஒரு கடுமையான ஒலியோடு உடனே மூன்று நான்கு அடி பின்வாங்க வையுங்கள். அவ்வளவுதான். பின்வாங்கியதும் எதுவும் நடக்காததுபோல் வேலையைத் தொடருங்கள். நீண்ட திட்டல், துரத்தல், ஐந்து நொடி கழித்து வந்து அடிப்பது எல்லாம் வீண். எதற்காக என்று குதிரைக்குத் தெரியாது.

முகத்தில் அறையாதீர்கள். சில குதிரைகள் அதன்பின் கையைக் கண்டாலே தலையைத் தூக்கும், ஹால்ட்டர் போடுவதே போராட்டமாகிவிடும். இளம் ஆண் குதிரைக்கோ அது பிடித்த விளையாட்டு: நான் கவ்வுவேன், நீ வீசு, நான் தப்பிப்பேன். கவ்வ வரும்போது குத்தட்டும் என்று கையில் ஊசி வைத்துக்கொள்ளும் பழைய யோசனையும் அதே ரகம்.

லாயக் கதவில் பாயும் குதிரை

ஆட்கள் நடக்கும் வழியைக் கதவிலிருந்து தள்ளி வையுங்கள். தீவனத்தை லாயத்தின் பின்பக்கம் வைத்தால் கதவைக் காவல் காக்க அதற்குக் காரணம் குறையும். கடந்து போகும்போது காது முன்னால் இருந்தால் வாளியில் ஒரு துண்டு. உள்ளே போக வேண்டுமென்றால் குதிரை தின்றுகொண்டிருக்கும் நேரம் வேண்டாம்.

ஆண் குதிரை

வளர்ந்த ஆண் குதிரை கவ்வுவது இனச்சேர்க்கை நடத்தையின் பகுதி. அனுபவம் இல்லாதவர் தனியாகக் கையாளக் கூடாது. இனப்பெருக்கத்துக்கு வேண்டாதது என்றால் காயடிப்பதே என் பரிந்துரை. ஹார்மோன் அடங்க வாரங்கள் ஆகும். ஏற்கெனவே பழக்கமாகிப்போனது தானாகப் போகாது, மேலே சொன்ன பயிற்சி அதற்கும் தேவை.

கடிபட்டால்

தோல் கிழிந்திருந்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று சொல்லுங்கள். ரேபிஸ் உள்ள பகுதி என்றால் அதற்கான ஊசி வேண்டுமா என்றும் கேளுங்கள். கை, விரல், முகம், மார்பில் பட்ட கடியையும், மரத்துப்போதல், விரலை மடக்க முடியாமை, பரவும் சிவப்பு இருந்தால் எந்தக் கடியையும் காத்திருந்து பார்க்காதீர்கள்.

தனியாகச் செய்யக் கூடாத நிலை

வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்து தாக்கும் குதிரை, கடித்த பிடியை விடாமல் உலுக்கும் குதிரை, முன்காலால் மிதிக்க வரும் குதிரை ஆகியவை வழிகாட்டி படித்துத் திருத்தக்கூடியவை அல்ல. மருத்துவப் பரிசோதனையும், இத்தகைய குதிரைகளோடு வேலை செய்து பழகிய பயிற்சியாளரும் தேவை. அதுவரை தீனியும் தண்ணீரும் வெளியிலிருந்தே கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள், யாரும் ஒற்றையாக உள்ளே போகாதபடி பாருங்கள். ஒருவேளை அந்தக் குதிரையை வேறு ஒருவரிடம் கொடுக்க முடிவு செய்தால், அது கடிக்கும் என்பதையும், எப்போது, எப்படி என்பதையும் மறைக்காமல் சொல்லி, அந்த நோட்டையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.